மேல் பலகை ஜூஸ்

பின்னறையை மூன்றாவது முறை கழுவிய பிறகும் அந்த நாற்றம் போகவில்லை.

முதலில் அம்மா கழுவினார். சோப்புத்தூளைத் தாராளமாகக் கொட்டி, துடைப்பம் பாதியாகும்வரை தேய்த்தார். அடுத்த நாள் அப்பா கழுவினார். இன்று காலை மாமா வந்து, எலுமிச்சை வாசனைத் திரவம் ஒரு பாட்டிலை அப்படியே தரையில் கவிழ்த்தார். "இனிமே இது ரூம் இல்ல, எலுமிச்சைத் தோட்டம்" என்றார்.

கதவைக் கொஞ்ச நேரம் சாத்தி வைத்துவிட்டுத் திறந்து பார்த்தார்கள். எலுமிச்சை வாசனையும் இருந்தது, நாற்றமும் இருந்தது. இரண்டும் சண்டை சச்சரவு இல்லாமல் ஒரே அறையில் குடித்தனம் நடத்தின.

அது ஒரு மாதிரியான நாற்றம். புதுப் பெயிண்ட் போல மூக்கில் ஏறும். கூடவே ஏதோ புளித்துப்போனது போன்ற நெடியும் இருக்கும். கொஞ்ச நேரம் அங்கே நின்றால் தலை கனக்கும்.

"நாளைக்குக் காலையில அதிகாரி வர்றாங்க" என்றார் அம்மா.

அம்மா பல வருடங்களாக ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பெரிய குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தார். இப்போது வீட்டிலேயே சொந்தமாக ஒரு சின்னக் காப்பகம் தொடங்கப் போகிறார். தெருவில் குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாரும், "எப்போ ஆரம்பிக்கிறீங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். பின்னறைதான் குழந்தைகள் விளையாடப் போகும் இடம். தவழ்கிறவர்கள், தத்தித் தத்தி நடக்கிறவர்கள், விழுந்துவிட்டு யார் பார்க்கிறார்கள் என்று தேடிப் பிறகு அழுகிறவர்கள். அதிகாரி வந்து பார்த்து "சரி" என்று எழுதினால்தான் கதவைத் திறக்கலாம். இந்த நாற்றத்தை வைத்துக்கொண்டு யாரும் "சரி" என்று எழுதமாட்டார்கள்.

துருவி வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள்.

அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் மாமா வைத்த பெயர். குக்கர் ஏன் விசிலடிக்கிறது? கண்ணாடியில் ஏன் இடது வலதாகிறது? ஒரு பதில் சொன்னால் அதற்குள்ளிருந்து இன்னும் மூன்று கேள்வி எடுப்பாள். அந்தப் பெயர் பள்ளிக்கூடம்வரை போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

இப்போது அவள் மூக்கால் துருவ ஆரம்பித்தாள்.

அறைக்குள் போய் நின்றபடி மோந்து பார்த்தாள். நெடி லேசாக இருந்தது. முட்டி போட்டாள். அதிகமானது. தரைப்பக்கம் குனிந்தாள். சுர்ரென்று ஏறியது. வெளியே ஓடிப்போய் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு வந்து, ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். அங்கே நெடி இருப்பதே தெரியவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே, தரையிலதான் இருக்கு" என்றார் மாமா. "தரையைப் பேத்துட்டுப் புதுசாப் போட்டுடலாம்."

மாமா அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில் இருக்கிறார். தங்கமான மனிதர், ஆனால் அவசரக் குடுக்கை. காலில் முள் குத்தினால் காலையே எடுத்துவிடலாமா என்று கேட்கிற ரகம்.

"தரையில இல்ல மாமா" என்றாள் துருவி.

"நீதானே இப்போ மோந்து பார்த்தே?"

"தரையிலேயே இருந்தா, கழுவக் கழுவக் குறையணும்ல? கதவைத் திறந்து வெச்சா போயிடுது. ராத்திரி சாத்தி வெச்சா காலையில மறுபடி வந்துடுது. நேத்து இருந்த அளவேதான் இன்னிக்கும். அப்போ இது பழைய நாற்றம் இல்ல. தினமும் புதுசா வருது."

மாமா தானும் ஒருமுறை குனிந்து மோந்து பார்த்தார்.

ஆனால் எங்கிருந்து வருகிறது? அறையில் இருந்த உடைந்த நாற்காலி, சைக்கிள் டயர், பழைய திரைச்சீலை எல்லாவற்றையும் போன வாரமே வெளியேற்றியாகிவிட்டது. நான்கு சுவர், ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

அப்போது குட்டி அழ ஆரம்பித்தாள்.

குட்டி மாமாவின் மகள். ஒன்றரை வயது. அம்மாவின் காப்பகத்தில் முதலில் சேரப் போகிறவள் அவள்தான். அவளுடைய வாழ்க்கையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: கைக்குக் கிடைத்தது வாய்க்குப் போக வேண்டும். சாக்பீஸ், சாவிக்கொத்து, மாமாவின் செருப்பு எல்லாம் அந்தச் சட்டப்படி ருசி பார்க்கப்பட்டவை.

துருவி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அறை வாசலில் நின்று வேடிக்கை காட்டினாள். குட்டியின் அழுகை சட்டென்று நின்றது. அண்ணாந்து பார்த்து, கையை மேலே நீட்டினாள்.

"ஜூஸ்" என்றாள்.

துருவி நிமிர்ந்து பார்த்தாள். கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரோடு சுவராக ஒரு பலகை. அதன் மேல் ஆரஞ்சுப் படம் போட்ட மூன்று ஜூஸ் பாட்டில்கள்.

இந்த வீட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குக் காலி டப்பாவைத் தூக்கிப் போடவே வராது. "நல்ல டப்பா, போட மனசு வரல" என்பார். அதனால் அந்த வீட்டில் பிஸ்கட் டப்பாவில் ஊசியும் நூலும் இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவில் மிளகாய் இருக்கும். ஜாம் பாட்டிலில் ஆணி. காபித்தூள் டப்பாவில் பட்டன். ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், சர்க்கரை என்று எழுதிய டப்பாவிலிருந்து தானே ஒரு கரண்டி எடுத்துக் காபியில் போட்டார். "அடேங்கப்பா, என்னமா நுரை வருது" என்று பாராட்டினார். அவர் வாயில் வைப்பதற்குள் அம்மா பாய்ந்து கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார். அந்த டப்பாவில் இருந்தது துணி துவைக்கும் தூள்.

டப்பாவில் ஒன்று எழுதியிருந்தால், உள்ளே அது நிச்சயமாக இருக்காது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

துருவி குட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் ஏறினாள். பாட்டிலைத் தொடவில்லை. பார்த்தாள். உள்ளே இருந்தது கெட்டியான டீயின் நிறத்தில் இருந்தது. கூரைச் சூட்டில் பாட்டில்களின் வயிறு உப்பியிருந்தது. மூடியைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின் போல ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. மூக்கைச் சற்றே அருகில் கொண்டுபோனாள். அதே நெடி.

கீழே இறங்கி, அந்த பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

அம்மாவின் வினிகர் என்றார் அப்பா. அதனால்தான் அறையைக் காலி செய்யும்போது அவர் அதைத் தொடவில்லை. அப்பாவின் மரப் பாலிஷ் என்றார் அம்மா. அவரும் அதனால்தான் தொடவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இல்லாத ஒரு பறவையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா?" என்றாள் துருவி.

"அது வந்து..." என்றார் மாமா.

வந்த கதை இதுதான். முந்தின வருடம் மாமா தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை விற்றார். விற்பதற்கு முன்னால், வாங்குகிறவருக்கு எதற்குச் சும்மா பெட்ரோல் தரவேண்டும் என்று டேங்கில் இருந்ததை இறக்கிவிட்டார். ஊற்றி வைக்கப் பாத்திரம் இல்லை. காலி பாட்டில்களுக்குப் பஞ்சமில்லாத வீடு எது? அக்கா வீடு. வந்தார், ஊற்றினார், கைக்கெட்டாத உயரத்தில் வைத்தார், மறந்தார்.

"பெட்ரோல் வாசனை எனக்குத் தெரியாதா? இது வேற மாதிரி இருக்கே" என்றார் அப்பா. அவர் கடைகளுக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் சின்னத் திறந்த வண்டி ஓட்டுகிறவர். தினமும் பெட்ரோல் நிலையத்துக்குப் போகிறவர்.

"பழசாயிடுச்சுல்ல அத்தான். கெட்டுப்போயிருக்கும்" என்றார் மாமா மெதுவாக.

துருவிக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பாட்டில் மேலே இருக்கிறது. நாற்றம் ஏன் கீழே இருக்கிறது?

அவள் சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டிக் கதவைத் திறந்தாள். வெறுங்காலுடன் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் சில்லிட்டது பாதம்தான். குளிர்ந்த காற்று கனமானது. அதனால் அது கீழே வழிகிறது.

பெட்ரோலின் ஆவியும் அப்படித்தான். சாதாரணக் காற்றைவிட அது மிகவும் கனம். மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்ததும் மேலே போகாது. சுவரோரமாக இறங்கித் தரையில் பரவி, குளம் போலத் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத குளம். தரையை எத்தனை முறை கழுவினாலும் மேலிருந்து அது நிரம்பிக்கொண்டே இருக்கும்.

துருவி ஓடிவந்து இதைச் சொன்னபோது அம்மா தரையைப் பார்த்தார். நாளை மறுநாள் குழந்தைகள் தவழப் போகும் தரை. பிறகு, தன் இடுப்பில் இருந்தபடி இன்னும் மேலே கை நீட்டிக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தார்.

"ஜூஸ்" என்றாள் குட்டி, விடாமல்.

மாமா மகளின் நீட்டிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அப்பா ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்தார். அறையில் யாரும் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது என்றார். சுவிட்சைப் போடும்போது உள்ளே ஒரு குட்டித் தீப்பொறி வரும். பெட்ரோல் ஆவிக்கு அதுவே போதும். பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கி, பின்வாசலில் சமையலறைக்கு எட்டாத நிழலில் வைத்தார்.

நாற்றம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி முடிந்தது. அதைவிடப் பெரிய கேள்வி இப்போது மூன்று பாட்டில்களாக முன்னால் நின்றது. இதை என்ன செய்வது?

"இதெல்லாம் ஒரு விஷயமா?" மாமா ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவோரச் சாக்கடையை நோக்கி நடந்தார். துருவி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"மாமா, அது எங்க போகும்?"

"சாக்கடைக்கு."

"சாக்கடை எங்க போகும்?"

"ரோட்டுக்கு அடியில போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஏரிக்குப் போகும். இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நின்றுவிட்டார். ஏரியில் வாத்துக்கு ரொட்டித் துண்டு போடத்தான் அவர் ஒவ்வொரு வாரமும் குட்டியைக் கூட்டிப்போகிறார்.

"போற வழியில ரோட்டுக்கு அடியில ஆவி தேங்கி நிக்கும்ல? யாராவது மேலே இருந்து ஒரு நெருப்புக்குச்சியைப் போட்டா?"

மாமா பாட்டிலோடு திரும்பி வந்தார்.

வேலியோரம் இருக்கிற களைச்செடி மேல் ஊற்றிவிடலாமா என்று கேட்டார். அந்த மூலையில்தான் குழந்தைகளுக்கு மணல்தொட்டி கட்டப் போவதாக அம்மா சொன்னார். சொன்ன விதத்திலேயே மாமா அந்த யோசனையைக் கைவிட்டார். அப்படியென்றால் திறந்த இடத்தில் கொளுத்திவிடலாம் என்றார்.

இதற்கு அப்பாவே வேண்டாம் என்று கையை அசைத்தார். "பெட்ரோல் எரியறதில்ல மாப்ளே, அதோட ஆவிதான் எரியும். நீ குச்சியைக் கிழிக்கும்போது ஆவி எங்க நிக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

மாமா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

ஆனால் அப்பாவுக்கும் ஒரு யோசனை இருந்தது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடி, "எதுக்கு வீணாக்கணும்? என் வண்டியில ஊத்திட்டா ஓடித் தீர்ந்துடும்" என்றார். வேறு வார்த்தையில் சொன்னால், போட மனசு வரவில்லை.

"புதுப் பெட்ரோல் இந்த நிறத்துலயா இருக்கும்?" என்று கேட்டாள் துருவி.

"இல்ல. இவ்வளவு கறுப்பா இருக்காது."

"அப்போ இது ஏன் கறுத்துச்சு?"

அப்பா பதில் சொல்லத் தொடங்கி, சொல்லச் சொல்லத் தானே யோசித்தார். பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை. லேசானது, கனமானது என்று பலவற்றின் கலவை. லேசானதுதான் தீப்பொறி பட்டதும் குபுக்கென்று பற்றி இன்ஜினைக் கிளப்பும். ஆனால் அதுதான் முதலில் பறந்தும் போகும். திறந்து வைத்த சோடாவில் காற்றுப் போய்ச் சப்பென்று ஆகிவிடுமே, கிட்டத்தட்ட அது போல. மிஞ்சியிருக்கிற கனமானவை, காற்றோடு பழகிப் பழகிக் கறுத்து, கடைசியில் பிசின் ஆகிவிடும்.

"இன்ஜினுக்குள்ள பெட்ரோல் போற ஓட்டை எவ்வளவு பெரிசுப்பா?"

"ஊசி முனை மாதிரி இருக்கும்" என்ற அப்பா, மூடியில் காய்ந்திருந்த பிசினைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். வைத்த வேகத்தைப் பார்த்தால், அந்த வண்டிக்கு இப்போதே மூச்சடைத்துவிட்டது என்று தோன்றியது.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"விடுங்கக்கா" என்றார் மாமா. "நான் வெச்சது, நானே எடுத்துட்டுப் போறேன். எங்க வீட்டுப் பரண்ல இருக்கட்டும். நாளைக்கு அதிகாரி வந்துட்டுப் போகட்டும், அப்புறம் நிதானமாப் பார்த்துக்கலாம்."

இது நல்ல யோசனை போலத்தான் இருந்தது. நாளைக் காலையில் அறை நாறாது. அதிகாரி "சரி" என்று எழுதிவிடுவார். அம்மாகூட ஒரு நிமிடம் தலையாட்டப் போனார்.

"குட்டியும் அந்த வீட்டுலதானே மாமா இருக்கா?" என்றாள் துருவி.

அம்மாவின் தோளில் சாய்ந்து தன் கட்டைவிரலை ருசி பார்த்துக்கொண்டிருந்த மகளை மாமா பார்த்தார். பிறகு பாட்டில்களுக்கு எதிரில், படியில் உட்கார்ந்துகொண்டார்.

"சரி துருவி. நீயே சொல்லு. கொட்டக்கூடாது, கொளுத்தக்கூடாது, ஊத்தக்கூடாது, வெச்சுக்கவும் கூடாது. குப்பைத்தொட்டியிலயாவது போடலாமா?"

குப்பைத்தொட்டி என்றதும் துருவிக்கு அதன் மூடி நினைவுக்கு வந்தது. தினமும் குப்பை போடுவது அவள் வேலை. அந்த மூடியில் வரிசையாகப் படங்கள் இருக்கும்: ஒரு பேட்டரி, ஒரு பெயிண்ட் டப்பா, ஒரு எண்ணெய் கேன், ஒரு தீப்பிழம்பு. எல்லாவற்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. "இவற்றை இங்கே போடாதீர்கள்" என்ற வரிக்குக் கீழே ஒரு தொலைபேசி எண்.

"போடக்கூடாது மாமா. ஆனா, இங்க போடாதீங்கன்னு சொல்றவங்களுக்கு, எங்க போடணும்னு தெரிஞ்சிருக்கும்ல?"

அம்மா எண்ணை அழுத்திப் போனை அவளிடமே கொடுத்தார். மறுமுனையில் பேசியவர் ஒரு பெண். ரயில் பாதைக்கு அப்பால் ஒரு சேகரிப்பு மையம் இருக்கிறது என்றார். பெயிண்ட், பேட்டரி, பழைய எண்ணெய், பழைய பெட்ரோல் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். மாலைவரை திறந்திருக்கும். பெட்ரோலில் வேறு எதையும் கலக்கக்கூடாது. குடிக்கிற பொருள் வந்த பாட்டிலில் கொண்டுவரக்கூடாது, பெட்ரோலுக்கென்றே செய்த கேனில்தான் கொண்டுவர வேண்டும். உள்ளே இருப்பது என்ன என்று வெளியே எழுத வேண்டும்.

ஏன் அந்தக் கேன், ஏன் கலக்கக்கூடாது, ஊற்றும்போது எங்கே வைக்க வேண்டும் என்று துருவி கேட்டுக்கொண்டே போனாள். அந்தப் பெண்ணும் சளைக்காமல் சொன்னார். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"நீ எந்த வகுப்பும்மா படிக்கிறே?"

இப்போது கேன் வேண்டும். அப்பா நம்பிக்கையோடு பரணில் ஏறினார். டப்பா என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கே முழங்கையளவு டப்பா இருந்தது, கட்டைவிரலளவு டப்பா இருந்தது, மூடி மட்டும் ஒரு மூட்டை இருந்தது. பெட்ரோல் ஊற்றுகிற கேன் மட்டும் இல்லை.

"இத்தனை வருஷம் சேர்த்து வெச்சது எதுக்கு?" என்று அம்மா கேட்டார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

அப்பா பெட்ரோல் நிலையத்துக்குப் போய்ச் சிவப்பு நிறத்தில் ஒரு புதுக் கேன் வாங்கிவந்தார். அதை வண்டியில் வைத்தபடி ஊற்றாமல், வெட்டவெளியில் தரையில் வைத்தார். போனில் சொன்னது அப்படித்தான். தரையில் இருந்தால், உரசி உண்டாகிற மின்சாரம் பொறியாகாமல் மண்ணுக்குள் போய்விடும். பெரிய புனலை வைத்து மூன்று பாட்டிலையும் மெதுவாகக் கவிழ்த்தார். கழுத்துவரை நிரப்பவில்லை. வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும். காலி பாட்டில்களைக் கழுவவில்லை. கழுவினால் அந்தத் தண்ணீரும் ஏரிக்குத்தானே போகும்? அவற்றையும் மூடி, கூடவே எடுத்துப்போக வைத்தார்.

துருவி ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கேனின் மேல் ஒட்டினாள்: பழைய பெட்ரோல்.

மாமா அதைப் படித்துவிட்டு, "அத்தான், இந்த வீட்டுலயே வெளியே எழுதினது உள்ளே இருக்கிற முதல் டப்பா இதுதான்" என்றார்.

அப்பாவின் வண்டிக்குப் பின்பக்கம் திறந்திருந்தது நல்லதாகப் போயிற்று. கேன் சாயாமல் இருபுறமும் செங்கல் வைத்து, கயிற்றால் கட்டினார்கள். அப்பா, மாமா, துருவி மூவரும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். எப்போதும் "ஏறி மிதிங்க அத்தான்" என்று சொல்லும் மாமா, வழி நெடுக, "பள்ளம் இருக்கு, பார்த்து, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மையத்தில் கையுறை போட்ட ஒருவர் கேனையும் காலி பாட்டில்களையும் வாங்கினார். எழுதியிருந்ததைப் படித்தார்.

"எழுதியே ஒட்டிட்டீங்களா? ரொம்ப நல்லது. இல்லன்னா நான் ஒவ்வொண்ணா என்ன ஏதுன்னு கண்டுபிடிக்கணும்."

இது இனி எங்கே போகும் என்று துருவி கேட்டாள். எல்லாவற்றையும் பிரித்துச் சேர்த்து ஒரு தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள் என்றார் அவர். அங்கே மூடிய உலை ஒன்றுக்குள் எரித்து, அந்தச் சூட்டையும் வேலைக்குப் பயன்படுத்துவார்கள். புகையையும் சும்மா விடாமல் வடிகட்டித்தான் வெளியே அனுப்புவார்கள்.

கிளம்பும்போது அப்பா தயங்கித் தயங்கி நின்றார். பிறகு கேட்டேவிட்டார். "கேனைக் காலி பண்ணித் திருப்பித் தருவீங்களா? புதுக் கேன்..."

"தர்றேனே. வீட்டுல வேற பெட்ரோல் இருக்கா?"

"இல்ல. வேற எதையாவது ஊத்தி வெச்சுக்கலாமேன்னுதான்..."

துருவி அப்பாவைப் பார்த்தாள். மாமாவும் அப்பாவைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "நீங்களே வெச்சுக்குங்க."

அன்று மாலை துருவி வீட்டில் இருந்த எல்லா டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டினாள். மாமா தாளை வெட்டிக் கொடுத்தார், அப்பா பசை தடவினார். ஊசி நூல். மிளகாய். ஆணி. துணித்தூள், சர்க்கரை இல்லை.

மறுநாள் காலை, இரவு முழுக்கச் சாத்தியிருந்த பின்னறைக் கதவைத் துருவி திறந்தாள். முட்டி போட்டாள். தரைவரை குனிந்து மோந்து பார்த்தாள். எலுமிச்சை மட்டும்தான் குடியிருந்தது.

அதிகாரி சரியான நேரத்துக்கு வந்தார். உயரமான அம்மாள். ஜன்னலைப் பார்த்தார், கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் எதிர்பாராத விதமாகத் தரையில் கையூன்றி, குழந்தை போலவே அறையைச் சுற்றித் தவழ்ந்து வந்தார். குட்டிக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்விட்டது. அவளும் பின்னாலேயே தவழ்ந்தாள்.

"குழந்தைங்க எந்த உயரத்துல இருக்காங்களோ, அங்க இருந்துதான் பார்க்கணும்" என்று எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தரை நல்லா இருக்கு." தாளை எடுத்து, "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மா அவருக்கு ஒரு டம்ளர் ஜூஸ் கொண்டுவந்தார். அதிகாரியின் கண் மேஜையில் இருந்த பாட்டில் மேல் போனது. ஆரஞ்சுப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். அதில் கொட்டை எழுத்தில்: இது நிஜமாகவே ஜூஸ்.

"இதை ஏன் எழுதணும்?" என்று கேட்டார்.

மாமா இருமினார். அப்பா கூரையைப் பார்த்தார். துருவி ஒன்றையும் மறைக்காமல் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். குட்டி "ஜூஸ்" என்ற இடம் வந்தபோது அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முடிந்ததும் துருவியின் பக்கம் குனிந்தார்.

"எங்க வீட்டுலயும் ஒரு பாட்டில் பெட்ரோல் இருக்கு" என்றார் குரலைத் தாழ்த்தி. "புல் வெட்டுற மிஷினுக்கு வாங்கினது. மிஷின் போய் நாலு வருஷமாச்சு. என்ன பண்றதுன்னே தெரியாம மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கேன்."

"அது ஒண்ணும் கஷ்டமில்ல ஆன்ட்டி" என்றாள் துருவி. "எங்கயும் கொட்டாதீங்க, கொளுத்தாதீங்க. வெட்டவெளியில வெச்சு, பெட்ரோல் கேன்ல மாத்துங்க. மேல பழைய பெட்ரோல்னு எழுதுங்க. சாயாம கட்டி, சேகரிப்பு மையத்துல கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. அவங்க வாங்கிக்குவாங்க."